யூனில் கறித்தூள் வியாபாரம், மே மாதம் தோட்டம்: இரண்டையும் எப்படி ஓட்டுவது?

வளவுக்காரி, ஸ்காபரோ (ரொறன்ரோ, கனடா):

வணக்கம். வீட்டிலிருந்தே யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து விற்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மிக்சரும் மோர்மிளகாயும் சேர்க்க விருப்பம். யூன் 1 தொடங்குவதாக நினைப்பு. முழுநேர வேலையை விடப்போவதில்லை. கிழமை நாட்களில் இரவில் ஒரு மணித்தியாலம், பிறகு சனி, ஞாயிறு. அவ்வளவுதான் கையில் இருக்கிற நேரம்.

சிக்கல் என்னவென்றால் பின்வளவில் 4 அடிக்கு 8 அடி மரப்பெட்டிப் பாத்தி இரண்டு இருக்கின்றன. பச்சைமிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி, பாகல், பயித்தை எல்லாம் விதையிலிருந்தே போடுவது வழக்கம். கன்றுத் தட்டுகள் குசினி யன்னலடியில் இருக்கும். இவ்வளவு நீளமான பனிக்காலத்துக்குப் பிறகு மண்ணில் கை வைக்காமல் இருக்க மனம் வரவில்லை.

இந்த வருடம் தோட்டத்தை விடுவதா, வியாபாரத்தைத் தள்ளுவதா? இரண்டையும் கொண்டுபோகலாம் என்றால் எந்த மாதம் எதைச் செய்வது? மொன்றியலில் இருக்கும் தங்கச்சி அங்கேயும் விற்றுத் தருவதாகச் சொல்கிறாள். அதையும் இப்போதே சேர்க்கலாமா?

பாத்திகட்டி:

விடத் தேவையில்லை அக்கா. தோட்டத்தின் திகதியை நாங்கள் நகர்த்த ஏலாது, கடை திறக்கிற திகதியை நகர்த்தலாம். முதலில் தோட்ட நாட்காட்டியை எழுதுங்கோ, மிச்ச இடத்தில் வியாபாரத்தைப் போடுங்கோ. அப்படிப் பார்த்தால் யூன் 1 மிக மோசமான நாள். ரொறன்ரோ பக்கம் மே நடுப்பகுதிவரை இரவில் உறைபனி வரக்கூடும். மிளகாயும் கத்தரியும் விக்டோரியா டே, அதாவது மே 25க்கு முந்திய திங்கள், கழிந்த பிறகுதான் வெளியில் நடலாம். அதற்கு முன் ஒரு கிழமை, பத்து நாள் கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்க வேணும். ஆக மே 10 தொடங்கி யூன் முதல் வாரம்வரை தோட்டம் உங்களை விடாது. லேபல் அச்சும் முதல் ஓடரும் அதற்குள் வந்து விழுந்தால் இரண்டுமே கெடும். யூன் கடைசிச் சனிக்கு மாற்றினால் மூச்சு விடலாம்.

அடுத்தது, எல்லாவற்றையும் விதையில் தொடங்குகிற வழக்கத்தை இந்த வருடம் நிறுத்துங்கோ. தக்காளிக் கன்று மே மாதம் எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கி நடுங்கோ. வெண்டியும் பயித்தையும் யூன் முதல் வாரத்தில் நேரே மண்ணில் போடலாம். மண் 18 பாகைக்கு மேல் வந்திருக்க வேணும், இல்லாவிட்டால் விதை முளைக்காமல் அழுகும். வெண்டியை முதல்நாள் இரவு தண்ணியில் ஊறவிடுங்கோ. ஆணிவேர்ச் செடி என்பதால் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் சுணங்கிப்போகும், நேர்விதைப்பு அதற்கு நல்லதும்கூட.

விதையில் தொடங்க வேண்டியது ஊர் மிளகாயும் கத்தரியும்தான், ஏனென்றால் எங்கள் இனங்கள் இங்கே கன்றாகக் கிடைப்பது அருமை. மிளகாய் பெப்ரவரி கடைசி, கத்தரி மார்ச் நடு. 72 குழித் தட்டு முழுக்க விதைக்காதீர்கள். ஒரு பாத்தியில் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் கத்தரி 8 கன்றுதான் போகும். 45 சென்ரிமீற்றரில் மிளகாய் 10 போதும். ஒவ்வொன்றிலும் 24 விதை போட்டால் தாராளம். மிஞ்சின கன்றை எறிய மனமில்லாமல் சாடி வாங்கி, மண் வாங்கி, நேரத்தைக் கொட்டுவதுதான் எங்கள் ஆட்களின் பொது வருத்தம்.

இரண்டுக்கும் முளைக்க 25 முதல் 30 பாகை மண்சூடு வேணும். வீட்டுச் சூடு 20, 21 என்றால் மிளகாய் மூன்று கிழமை இழுக்கும், பாதி வராது. சூட்டுப் பாய் ஒன்று வாங்கி விதைத்தட்டின் கீழ் போடுங்கோ, முளைத்தவுடன் எடுத்துவிடுங்கோ. வெளிச்சம் நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம். சாதாரண எல்.ஈ.டி கராஜ் விளக்கே காணும், ஆனால் கன்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்க வேணும், வளர வளர உயர்த்த வேணும். யன்னல் வெளிச்சம் மார்ச்சில் போதாது, தண்டு நூல்போல் நீண்டு சரியும். விளக்குக்கு ஒரு டைமர் போட்டுவிட்டால் உங்களுக்கு ஒரு நாளில் ஐந்து நிமிட வேலைதான்.

முளைத்த கன்று அடித்தண்டில் சுருங்கி விழுந்தால் அது ஈரம் கூடியதால் வருகிற பூஞ்சணம். விதைக் கலவை புதிதாக இருக்கட்டும், தோட்ட மண் வேண்டாம். தண்ணியை மேலே ஊற்றாமல் கீழ்த்தட்டில் விட்டு, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டுங்கோ. சின்ன விசிறி ஒன்று மெதுவாக ஓடட்டும்.

வெளிக்காற்றுக்குப் பழக்குவது: முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் கூட்டி, நாலாம் நாளிலிருந்து காலை வெயில். வேலைக்குப் போகிற ஆள் என்றால் சனிக்கிழமை தொடங்குங்கோ, கிழமை நாட்களில் வீட்டின் கிழக்குப் பக்கம், காற்று அடிக்காத இடம். அவசரப்பட்டு நேரே வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துபோகும். இரவு 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடுங்கோ. கத்தரிக்கு 13 என்றே வைத்துக்கொள்ளுங்கோ.

கணக்குப்புத்தகம்:

தோட்டத்துப் பக்கம் அவர் சொல்லிவிட்டார். கடதாசி வேலை பற்றி நான்.

மேலே இருப்பவர் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். கன்றுத் தட்டை குசினியிலிருந்து எடுங்கள். இதே குசினியில் விற்பனைக்கு உணவு செய்யப்போகிறீர்கள் என்றால் அது ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில் ஓர் உணவு தயாரிக்கும் இடம். ஈரமண் இருக்கிற இடத்தில் சின்னக் கறுப்பு ஈ வரும், கறித்தூள் திரிக்கிற மேசைக்கு மேல் அது பறப்பதைச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தால் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. பேஸ்மென்ற்றில் ஒரு தட்டு அலுமாரி, விளக்கு, சூட்டுப் பாய். மண்வெட்டி, பசளைப் பை, சப்பாத்து ஒன்றும் குசினி வழியாகப் போகக்கூடாது.

தொடங்கும் முன் உங்கள் பகுதிச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், ஸ்காபரோ என்றால் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு. குளிரூட்டத் தேவையில்லாத, கெட்டுப்போகும் ஆபத்துக் குறைந்த உணவுகளை மட்டும் வீட்டில் செய்பவர்களுக்கு 2020 தொடக்கம் சில விலக்குகள் உண்டு: தனிக் கைகழுவும் தொட்டி, கடைத் தரத்துப் பாத்திரம் கழுவும் வசதி, உணவு கையாளும் சான்றிதழ் ஆகியவை கட்டாயமில்லை. பரிசோதனை உண்டு. உலர்ந்த தூள் இந்த வகையில் வரும், ஆனாலும் நீங்கள் செய்யப்போகும் பொருட்களின் பட்டியலையும் செய்முறையையும் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மோர்மிளகாய் அப்படியில்லை. தயிரில் ஊறுகிறது, பிறகு பின்வளவில் திறந்த வெயிலில் காய்கிறது. பரிசோதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே, தூசியும் குருவியும் படுகிற மாதிரிக் காயவைத்ததை விற்பனைக்கு ஒத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்சரையும் முதல் வருடம் விடச் சொல்லுவேன். கச்சான், கஜு, கோதுமை எல்லாம் கனடாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள், ஒரே மேசையில் செய்தால் தூள் பொதியிலும் எச்சரிக்கை போட வேண்டி வரும். கடுகும் எள்ளும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வரியிலும் வித்தியாசம் உண்டு. கறித்தூள் அடிப்படை மளிகைப் பொருள், எச்.எஸ்.ரி (விற்பனை வரி) பூச்சிய வீதம், அதாவது வாங்குபவரிடம் வரி அறவிடத் தேவையில்லை. மிக்சர் தின்பண்டம், முழு வரி.

இதிலே ஒரு பொறி இருக்கிறது. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி பதிவு கட்டாயம். பூச்சிய வீதப் பொருளின் விற்பனையும் அந்த 30,000க்குள் எண்ணப்படும். "எனக்குத்தான் வரி இல்லையே" என்று பதியாமல் இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். மறுபக்கம், தூள் மட்டும் விற்பவர் விருப்பப்பட்டுப் பதிந்தால் பொதி, லேபல், இயந்திரத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம், வாடிக்கையாளரிடம் ஒன்றும் கூட அறவிட வேண்டியதில்லை. கடதாசி வேலை கூடும் என்பதுதான் விலை. சின்ன வியாபாரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும், ஆகவே அதுவும் குறைவுதான்.

பெயர்: உங்கள் சொந்தப் பெயரிலேயே செய்தால் பதிவு வேண்டாம். வேறு வியாபாரப் பெயர் என்றால் ஒன்ராறியோ பதிவேட்டில் இணையத்தில் 60 டொலர், ஐந்து வருடம் செல்லும். அந்தப் பதிவு பெயரை உங்களுக்கே உரியதாக்காது, இன்னொருவரும் அதே பெயரைப் பதியலாம். பெயருக்குக் காவல் வேண்டுமென்றால் வணிகச்சின்னப் பதிவு வேறு வேலை. பதிவுக் கடதாசியைக் கொண்டு தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். பற்றுச்சீட்டுகள் ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். தோட்ட மண்ணும் விதையும் வாங்கிய சீட்டு அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது.

லேபல்: பொருளின் பெயர், கிராமில் நிகர எடை, எடை கூடியதிலிருந்து குறைந்ததாகச் சேர்பொருட்கள், ஒவ்வாமைக் குறிப்பு, வியாபாரப் பெயரும் முகவரியும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போடுங்கள். தமிழ் கூடுதலாக. பிரெஞ்சைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டு 500 லேபல் அச்சடிக்க வேண்டாம், தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முதல் அச்சு 100க்கு மேல் வேண்டாம். செய்முறையில் ஒரு பொருள் மாறினால் எல்லாம் குப்பை.

மொன்றியல்: இப்போது வேண்டாம். மாகாண எல்லை தாண்டி விற்க உணவு செய்து பொதி செய்தால் மத்திய அரசின் பாதுகாப்பான உணவு அனுமதிப்பத்திரம் தேவை. 2019 சனவரியிலிருந்து உள்ள சட்டம். தங்கச்சிக்கு வீட்டுப் பாவனைக்குக் கொடுப்பது வேறு, அவர் விற்பது வேறு.

வீட்டுக் காப்புறுதி பொதுவாக வீட்டில் நடக்கும் வியாபாரத்துக்குச் செல்லாது. தரகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பொருள் பொறுப்புக் காப்புறுதிக்கு (விற்ற பொருளால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் ஈடு கட்டுவது) விலை கேளுங்கள். இந்த விலை தெரியாமல் பொதி விலையைத் தீர்மானிக்க முடியாது.

இவை எல்லாமே மேசையில் இருந்து செய்கிற வேலை. விதை முளைக்கிற பெப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடலாம். ஏப்ரலில் பரிசோதனையும் லேபலும். மே மாதம் வியாபாரத்துக்கு ஒன்றும் எழுதாதீர்கள்.

வறுத்தெடுத்தது:

கடதாசி சரி, ஆனால் செத்தல் மிளகாய் எப்போது, எங்கே வறுக்கப்போகிறீர்கள்? மார்ச்சில் யன்னலைப் பூட்டிக்கொண்டு ஒரு கிலோ மிளகாய் வறுத்தால் வீட்டில் ஒருவரும் இருக்க முடியாது. கராஜில் அடுப்பு வைத்தால் அது பரிசோதிக்கப்பட்ட இடமில்லை. ஆகவே யன்னல் திறக்கிற காலத்துக்குக் காத்திருக்க வேண்டும், அதுவும் மே. தோட்டத்தோடு மோதுகிற உண்மையான இடம் இதுதான்.

வெளியே போகிற வழி: பரிசோதனைக்கு உட்பட்ட மில் ஒன்றில் கூலிக்கு வறுத்துத் திரித்து வாங்குங்கள், பொதி செய்வது மட்டும் வீட்டில். கணக்கைப் பாருங்கள். செத்தல் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 100, சின்னச்சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 50 என்றால் மொத்தம் 2.5 கிலோ. வறுக்க ஈரம் போகும், திரிக்கையில் ஒட்டும் சிந்தும், அதனால் 2.25 கிலோ கைக்கு வந்தால் நல்லது. 250 கிராமில் ஒன்பது பொதி. துப்புரவாக்கி, ஒவ்வொன்றாக வறுத்து, ஆறவிட்டு, வீட்டு மிக்சியில் திரித்து, அரித்து, பொதி செய்ய மூன்று மணித்தியாலம் என்றால் ஒரு பொதிக்கு 20 நிமிடம். மணிக்கு 18 டொலர் உழைப்புக் கூலி போட்டால் பொதிக்கு 6 டொலர், சாமான் விலை இன்னும் சேரவில்லை. கடையில் தூள் விற்கிற விலையோடு இது நிற்காது. மில்லில் 10 கிலோ ஒரே தடவையில் செய்தால் உங்கள் நேரம் பொதி செய்வது மட்டும்.

வீட்டிலேதான் செய்வேன் என்றால், மிக்சியை ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகி வாசம் போகும். சூட்டோடு பொதியைக் கட்டினால் உள்ளே வேர்த்து, கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம். அகலத் தட்டில் முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். கறிவேப்பிலையைப் பச்சையாகப் போடாதீர்கள், நொறுங்குகிற அளவுக்கு வறுபட வேண்டும். சாடியில் நிற்கிற உங்கள் கறிவேப்பிலையை நம்பி வியாபாரச் செய்முறை எழுதவும் வேண்டாம். காய்ந்தால் கைப்பிடிதான் மிஞ்சும், மாதாமாதம் ஒரே அளவு வராது.

தொடங்கும் திகதி பற்றி, யூன் கடைசியைவிட செப்டெம்பர் நல்லது என்பேன். தோட்ட வேலையும் குறைந்துவிடும்.

பாத்திகட்டி:

செப்டெம்பரில் தோட்டம் குறையும் என்பது சரி. ஆனால் யூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போய் வருகிற சனம் பெட்டியில் ஐந்து கிலோ தூளோடுதான் திரும்பும். அவர்களுக்கும் அவர்களின் சொந்தக்காரருக்கும் நத்தார்வரை தூள் இருக்கும். யூன் கடைசியில் சின்னதாகத் தொடங்கி, தெரிந்த வீடுகளுக்கு மட்டும் கொடுத்து, உறைப்புக் கூடக்குறைய என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் திருத்துவதற்கு அந்த இரண்டு மாதம் நல்லது.

கணக்குப்புத்தகம்:

ஒத்துக்கொள்கிறேன். அத்தோடு தனிநபர் வியாபாரக்காரர் வருமானவரியை யூன் 15வரை தாக்கல் செய்யலாம் என்றாலும், கட்ட வேண்டிய காசு ஏப்ரல் 30க்குள் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் வட்டி. இது அடுத்த வருடத்திலிருந்து உங்களுக்குப் பொருந்தும். மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள், கன்று வெளியே எடுக்கிற காலத்தில் சீட்டுப் பெட்டியைக் கிண்டாமல்.

வளவுக்காரி:

நிறைய நன்றி. மிக்சர், மோர்மிளகாய், மொன்றியல் மூன்றையும் வெட்டிவிட்டேன். மில் ஒன்றில் விலை கேட்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். யூன் கடைசியில் வியாபாரம் தொடங்கினால் கோடையில் தண்ணி விடுவதை யார் பார்ப்பது? பாகலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே, அதை விட மாட்டேன்.

பாத்திகட்டி:

தண்ணி: குழாய்வாயில் பூட்டுகிற பற்றரி டைமர் ஒன்று, கசிவுக் குழாய் ஒரு பாத்திக்கு 25 அடி, இரண்டு வரியாகப் போய்த் திரும்புகிற மாதிரி. ஒரு பாத்திக்குக் கிழமைக்கு ஒரு அங்குலத் தண்ணி என்றால் ஏறக்குறைய 75 லீற்றர். இரண்டு தடவையாகப் பிரித்துக் காலை 5 மணிக்கு விடுங்கோ. எத்தனை நிமிடம் என்பது உங்கள் குழாயின் அழுத்தத்தைப் பொறுத்தது, முதல் தடவை ஓடவிட்டு மண்ணை 15 சென்ரிமீற்றர் தோண்டிப் பாருங்கோ, அடிவரை ஈரம் இருந்தால் காணும். தக்காளியின் அடி கறுத்து அழுகினால் கல்சியம் வாங்கிக் கொட்ட ஓடாதேங்கோ, பெரும்பாலும் தண்ணி ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று போவதால் வருவது. டைமர் போட்டாலே பாதி நிற்கும்.

வைக்கோல் 5 முதல் 8 சென்ரிமீற்றர் மூடுங்கோ, தண்ணிச் செலவும் களையும் குறையும். ஆனால் யூன் நடுவுக்கு முன் வேண்டாம். மண் சூடாக முன் மூடினால் குளிரைப் பொத்தி வைத்த மாதிரி, கத்தரி ஒரு மாதம் அப்படியே நிற்கும்.

கத்தரி இலையில் ஊசியால் குத்தினதுபோல் சின்னச் சின்ன ஓட்டை விழுந்தால் தெள்ளு வண்டு. நட்ட அன்றே மெல்லிய தோட்டத் துணியால் மூடி ஓரத்தை மண்ணால் அமர்த்திவிட்டால் ஒவ்வொரு நாளும் பார்க்கத் தேவையில்லை. பூ வந்தவுடன் துணியை எடுத்துவிடுங்கோ.

பாகல்: ஏப்ரல் கடைசியில், பேஸ்மென்ற்றில், ஒரு விதைக்கு ஒரு 10 சென்ரிமீற்றர் கடதாசிச் சாடி. பிடுங்காமல் சாடியோடு நட வேணும், வேர் அசைந்தால் பிடிக்காது. விதைத் தோல் தடிப்பு, நகவெட்டியால் கூர் முனையில் ஒரு துளி வெட்டி, ஒரு நாள் இளஞ்சூட்டுத் தண்ணியில் ஊறவிட்டு, சூட்டுப் பாயில் 28 முதல் 30 பாகையில் வையுங்கோ. வெட்டாமல் போட்டால் ஒன்று முளைக்கும், மூன்று அழுகும். உங்கள் இடத்துக்கு இரண்டு கொடி போதும், ஆறடிப் பந்தல் அல்லது வேலிக் கம்பி. யூன் முதல் வாரத்துக்கு முன் வெளியே கொண்டுபோகாதேங்கோ. மே 20க்கு நட்டதும் யூன் 7க்கு நட்டதும் யூலையில் ஒரே உயரத்தில்தான் நிற்கும், குளிர் மண்ணில் அது சும்மா இருக்கும்.